கட்டட விதிமீறல்: அபராதத்துக்கு முன் உயிரை நினைப்போம்

2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில் இரவு முழுவதும் பெய்த மழையில், ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் காம்பவுண்டுச் சுவர் ஒன்று சரிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். சுவர் ஒருவருடையது, உயிர் போனதோ அடுத்த வீட்டாருக்கு. கட்டட விதிகள் அரசாங்கத்துக்காக அல்ல, அண்டை வீட்டாருக்காகவும் வாடகைக்கு இருப்பவர்களுக்காகவும்தான்.

மாநகராட்சி முதல் ஊராட்சி வரை இப்போது பொருந்துவது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நம் பகுதிகளில் அடிக்கடி காணும் மீறல்களைப் பார்ப்போம்.

அனுமதிக்கு மேல் ஒரு மாடி

சாதாரண வீடுகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி சைட்டில் எல்லா மாடியும் சேர்த்து 2,400 சதுர அடி கட்டலாம். ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மகன் கல்யாணத்துக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று என்று ஏற்றுவதுதான் ஆபத்து. தூண் தாங்குமா என்பதைக் கொத்தனார் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பதிவுபெற்ற இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இடைவெளி விடாமல் கட்டுவது

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சாலை அகலம், சைட் அளவு, கட்டட உயரம் ஆகியவற்றைப் பொறுத்தது. வரைபடத்தில் காட்டிய இடைவெளியில் பிறகு பாத்ரூமோ மாடிப்படியோ கட்டினால் அதுவும் மீறலே. குறுகிய சந்துகளில் பால்கனியைத் தெருவுக்கு மேல் நீட்டினால், தீ விபத்தின்போது வண்டி உள்ளே வர வழியிருக்காது.

மின்கம்பி அருகே பால்கனி

தெருவில் போகும் சாதாரண மின்கம்பிக்கும் 11 கே.வி. கம்பிக்கும் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி இடைவெளி வேண்டும். துணி காயப்போடும் பெண்களும் மாடியில் விளையாடும் குழந்தைகளும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள்.

காம்பவுண்டுச் சுவர்

தூணும் பெல்ட்டும் இல்லாமல் உயர்த்திய சுவர், மண்ணைத் தாங்க வேண்டிய இடத்தில் நீர் வடியத் துளை இல்லாத சுவர், இரண்டுமே மழைக்காலத்தில் எமன்தான். சுவரில் விரிசல், சாய்வு, வயிறு தள்ளியது போன்ற புடைப்பு தெரிந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே இடித்துக் கட்டுங்கள்.

செப்டிக் டேங்க், மழைநீர்

கழிப்பறைக் கழிவை மழைநீர்ச் சாக்கடையில் விடக் கூடாது. டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்கினால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லாரி வைத்து உறிஞ்சி எடுப்பதே வழி. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். குழாய் மட்டும் இருந்து குழி தூர்ந்து கிடந்தால் பயனில்லை.

"பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்"

இந்தப் பேச்சை நம்ப வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்கு வந்தது மனை வரன்முறை. அதன் சான்று மனைக்கு மட்டுமே. அதைக் காட்டிக் கட்டடத்துக்கு அனுமதி இருப்பதாகச் சொல்ல முடியாது. கட்டடங்களுக்கான 113-சி பிரிவோ 2007 ஜூலை 1-க்கு முந்தையவற்றுக்கு மட்டும் வந்தது.

நாம் செய்ய வேண்டியது

2,500 சதுர அடி வரை சைட்டில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்திடுவது நீங்கள். பின்னால் மீறல் தெரிந்தால் பொறுப்பும் உங்களுடையதே.

வீடு வாங்குபவர்கள் பத்திரத்தோடு அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்கி, இருக்கும் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டீஸ் வந்தால் மேசைக்குள் போட்டுவிடாதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் வேலையை நிறுத்தவும், சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, நகலில் முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.