பங்காளிச் சண்டையில் பூட்டிய கடை

எழுவைதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது, பந்தோடு நின்ற தம்பியிடம் இலங்கை அணியைப் பற்றிக் கேட்டேன். “அந்தக் கதையை விடுங்கோ நானா” என்றார்.

கோபம் நியாயந்தான். 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. பின்பு தலைவர் கதிரைக்கு அடிபாடு. சம்மேளனத் தேர்தலில் வெளியார் தலையீடு என்று ஃபீஃபா 2023 ஜனவரியில் தடை போட்டது; ஓகஸ்டில்தான் நீக்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டி கைநழுவியது.

பங்காளிகள் சண்டையிட்டுக் கடையைப் பூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். நாட்டுக்கு அணி ஒன்றுதானே! டிக்கெட் வாங்குபவருக்கு வாக்குமில்லை, வாக்கு லீக்குகளுக்கே. அந்த லீக்காரரிடமாவது கணக்குக் கேளுங்கள் என்றேன்.

“எங்கட லீக்கில ஆர் இருக்கினம் எண்டே தெரியாது நானா.”