தெரியாத நம்பர் – எடுப்பதா, விடுவதா?

அடுப்பில் தாளிப்பு பொரியும் நேரம் பார்த்துத்தான் கைபேசி அலறும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் பெயரில்லாத ஒரு நம்பர். நம்மில் பலருக்கும் தினப்படி சங்கடம் இது.

"தெரியாத நம்பரை எடுக்கவே எடுக்காதே" என்பார் என் கணவர். ஆபீஸில் இருப்பவர்களுக்குச் சொல்வது சுலபம்! காஸ் சிலிண்டர்காரர், கூரியர் பையன், பள்ளி வேனுக்குப் புதிதாக வந்த டிரைவர் எல்லாருமே நமக்குத் தெரியாத நம்பர்தானே? கோவையில் படிக்கும் என் பெண் திருச்சிக்கு வரும்போது, கரூர் தாண்டி பஸ் நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணி, கைபேசியில் சார்ஜ் இல்லை. பக்கத்து சீட்டு அம்மாவிடம் வாங்கித்தான் பேசினாள். நான் எடுத்ததால்தான் அவள் அப்பா நேரம் தெரிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடிந்தது.

ஆகவே, எடுக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் முதலில் நம்பரைப் பாருங்கள். + குறிக்குப் பின் 91 இல்லாமல் வேறு எண் வந்தால் அது வெளிநாட்டு அழைப்பு. அங்கே உறவினர் இல்லாதவர்கள் விட்டுவிடலாம். ஒரே மணி அடித்து நின்றால் திருப்பிக் கூப்பிடாதீர்கள், காசு கரையும். 140 என்று தொடங்கினால் விளம்பரம். வேண்டாமென்றால் 1909-இல் பதிந்து வைக்கலாம். வங்கிகளுக்கும் அரசுக்கும் 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த நம்பரிலிருந்து வந்தாலும் ஓ.டி.பி. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

எங்கள் மாமியாருக்கு வயது 78. ஒரு நாள் மத்தியானம் தனியாக இருந்தபோது ஒரு போன். "உங்க பேரன் போதைப்பொருள் கேஸில் மாட்டியிருக்கான். நாற்பதாயிரம் அனுப்பினா விட்டுடுவோம்" என்று ஒரு அதட்டல் குரல். பின்னாலேயே "பாட்டி... பாட்டி..." என்று அழுகை. பேரன் குரல் மாதிரியே இருந்ததாம். கொஞ்ச நேரப் பேச்சு கிடைத்தால் போதும், அதே குரலைக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிற காலமாயிற்றே!

மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று. "அழாதேடா கண்ணு. பாட்டி உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவேன், சொல்லு." எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அப்படியும் பாவம், பையன் ஹாஸ்டலிலிருந்து பேசுகிறவரை கை நடுக்கம் நிற்கவில்லை. போட்டு வைத்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு ரகசியச் சொல் உண்டு. நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து, "உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டுவதும் நடக்கிறது. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. யாரிடமும் சொல்லாதே என்றால், அந்தக் கணமே பக்கத்து வீட்டு அக்காவையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

1930 என்ற எண்ணைச் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. உடனே சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவர் வந்தால் திட்டுவாரே என்று சாயங்காலம் வரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தால், அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறிப் போயிருக்கும்.