தோழரைத் தேடும் பெட்டி

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிறகு டெல்லி மருத்துவமனையில் இறந்தார். பனிக்குள் சிக்கியவருக்கு நாள்கணக்கில் அவகாசம் இருக்கும் என்று அந்தச் செய்தியைப் படித்த யாரும் எண்ணியிருக்கலாம். ஆனால் அவர் கூடாரத்துக்குள் இருந்தவர். சுற்றிலும் கொஞ்சம் காற்று தங்கியிருக்க வேண்டும் என்றுதான் அப்போது சொன்னார்கள். வெட்டவெளியில் பனிச்சறுக்குப் பலகையோடு போகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அவருடைய கணக்கு நிமிடங்களில். சுவிட்சர்லாந்து விபத்துப் பதிவுகளை வைத்து 1994இல் வெளிவந்த ஆய்வின்படி, முழுதும் புதைந்தவர்களை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. அந்த 15 நிமிடத்தையும் அண்மைய சுவிஸ் ஆய்வு 10 ஆகக் குறைத்துவிட்டது. கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, மூச்சுத்திணறல். ஓடி நின்ற பனி அந்தக் கணமே இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் நேரம் தீர்ந்துவிடும். ஆகவே மீட்க வேண்டியவர் கூட வந்தவரே.

அதற்கென்று பிறந்த கருவிதான் அவலாஞ்ச் டிரான்ஸீவர். மலையேறிகள் பீக்கன் என்பார்கள். 1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் என்ற பொறியாளர் முதல் நல்ல மாதிரியைச் செய்தார். உள்ளங்கையளவுப் பெட்டி. மேல்சட்டைக்கு உள்ளே, உடம்போடு வாரால் கட்டிக்கொள்வார்கள். காலையில் புறப்படும்போது முடுக்கினால், ஏறத்தாழ நொடிக்கொரு துடிப்பாக 457 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த நிறுவனம் செய்தாலும் அதே அலைவரிசை என்பதால், யாருடைய பெட்டியும் யாரையும் தேடும்.

பனிச்சரிவு நடந்ததும் மிஞ்சியவர்கள் எல்லோரும் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் பதற்றத்தில் மறந்துவிட்டாலும் போச்சு: மற்றவர்களின் திரை புதைந்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அவரையே காட்டும். சிக்னல் கிடைத்தபின் அம்புக்குறி நேர்கோட்டில் கூட்டிப்போகாது. பள்ளியில் சட்டக்காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூள் தூவியிருப்போமே, அந்த வளைகோடுகளைப் போன்றதுதான் இந்த அலையின் காந்தப்புலமும். தேடுகிறவர் அப்படியொரு கோட்டின் மேல் வளைந்து நடக்கிறார். பழகாதவர்கள் கருவி பழுது என்று நினைத்து நின்றுவிடுவது இங்கேதான். கைபேசி அருகில் இருந்தால் திரை உண்மையிலேயே தடுமாறும். அதைத் தள்ளி வைக்க வேண்டும்.

திரையில் தூரத்தைக் காட்டும் எண் மூன்றுக்குக் கீழே வந்ததும் பெட்டியைப் பனியை ஒட்டிப் பிடித்து, நிதானமாகக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்திக் குறைந்த எண் காட்டும் இடத்தைப் பிடிப்பார்கள். அங்கிருந்து மடக்குக் கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சுருளாகக் குத்திக்கொண்டே போவார்கள். உடம்பு தட்டுப்பட்டால் கம்பியை உருவக் கூடாது. தோண்டுவது அதன் மேலிருந்தும் அல்ல. மேலே ஏறி நின்றால் கீழே கிடப்பவர் முகத்தருகே மிஞ்சியிருக்கும் காற்றையும் மிதித்து அடைத்துவிடுவோம். சரிவில் சற்றுக் கீழே இறங்கி நின்று, பக்கவாட்டில் குடைந்து வர வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் என்றாலே டன் கணக்கில் பனியை அள்ள வேண்டியிருக்கும். நேரத்தின் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான் போகிறது. பெட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு பிளாஸ்டிக் மண்வாரியோடு மலைக்குப் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

இதைக் கட்டிக்கொண்டவருக்கு இது கவசம் அல்ல. என் மண்வாரி உங்களுக்கு, உங்களுடையது எனக்கு. அதனால் யாரோடு போகிறோம், அவர் கடைசியாக எப்போது பழகினார் என்பது கருவியின் விலையைவிடப் பெரிய கேள்வி. அடிபட்டே இறந்தவரைக் கருவி என்ன செய்யும்? கனடாவில் பனிச்சரிவுச் சாவுகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்று அப்படித்தான் இருந்தது.

நல்ல பயிற்சி வகுப்புகளில் தேடுவதைவிடச் சரிவைப் படிப்பதற்கே அதிக நேரம் ஒதுக்குவது இதனால்தான். 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளே மிக ஆபத்தானவை. பார்வைக்கு அவைதான் சறுக்க அருமையானவை. கீழே வலுவற்ற படலம், மேலே இறுகிய பலகை போன்ற பனி: ஒருவர் எடை போதும், முழுப் பலகையும் பிளந்து நகரும். உயிரிழப்பு நேர்ந்த பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டியது மாட்டிக்கொண்டவரோ அவர் குழுவினரோதான். ஆகவே சாய்வை அளப்பது, அன்றைய எச்சரிக்கை அறிக்கையைப் படிப்பது, சந்தேகமான இடத்தை ஒவ்வொருவராகக் கடப்பது, இன்று வேண்டாம் என்று திரும்புவது எல்லாம் பாடத்தில் உண்டு. இமயத்துக்கு அந்த அறிக்கையைத் தருவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் சண்டிகர் ஆய்வகம்.

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் ஏறி அஃபர்வத் மலைக்குப் போகிறவர்கள் இந்தப் பெட்டியை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். எடுத்ததும் நண்பர் ஒருவரின் பெட்டியைப் பையில் போட்டுப் பனியில் புதைக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தேடிப்பாருங்கள். முதல் தடவை பத்து நிமிடத்துக்குள் முடியாமல் போனால், மறுபடி புதைக்கச் சொல்லுங்கள். கேபிள் கார் அடுத்த நாளும் ஓடும்.