வங்கியும் சிறுதொழிலும்

ஒரு தொழிலைத் தொடங்க உழைப்பும் திறமையும் வேண்டும். அதனை வளர்க்க மூலதனமும் வேண்டும். தொழில் விரிவடையும் வேளையில் கைப்பணம் போதாமல் போவது இயல்பு. அப்போது அவசரப்பட்டு வட்டி முதலைகளிடம் சிக்கி, அரும்பாடுபட்டு வளர்த்த தொழிலையே இழந்தவர்கள் உண்டு. வட்டாரத்திலுள்ள வங்கியின் தொழில் கடன் அதிகாரியை முன்கூட்டியே அணுகுவது இத்தகைய இழப்பைத் தவிர்க்க உதவும்.

கடன் கேட்டு வருபவரிடம் வங்கி முதலில் அறிய விரும்புவது, கொடுக்கும் பணம் எவ்வாறு திரும்பி வரும் என்பதே ஆகும். எனவே, நிறுவனப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ஆவணம், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை அதிகாரி கேட்பார். பேங்க் நெகாரா மலேசியா நிர்வகிக்கும் 'சிசிரிஸ்' அறிக்கையையும் பார்ப்பார். விண்ணப்பதாரர் கடந்த 12 மாதங்களில் கடன் தவணைகளை ஒழுங்காகச் செலுத்தினாரா என்பதை அவ்வறிக்கை காட்டிவிடும். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே கணக்கில் கலந்து வைப்பவர் தம் தொழிலின் உண்மை நிலையை விளக்க இயலாமல் தடுமாறுவார். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழி இங்கு மிகவும் பொருந்தும்.

கடனின் வகையும் தேவைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, மசாலைத்தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் பேரங்காடிக்கு 20,000 ரிங்கிட் மதிப்புள்ள சரக்கை அனுப்புகிறது என்று கொள்வோம். அதற்கான பணம் 60 நாள்களுக்குப் பிறகே கிடைக்கும். ஆனால், தொழிலாளர் சம்பளத்தை மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். ஏட்டில் இலாபம் இருந்தும் கையில் பணம் இராது. இவ்விடைவெளியை நிரப்பக் குறுகிய காலக் கடன் போதும். அரைவை இயந்திரம் வாங்குவதற்கோ, பல ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தும் கடனே ஏற்றது. இயந்திரம் ஈட்டித் தரும் வருமானத்திலிருந்தே அதன் தவணையைக் கட்டிவிடலாம்.

அடைமானம் வைக்கச் சொத்து இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1972ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மலேசியக் கடன் உத்தரவாதக் கழகம், தகுதியுள்ள சிறுதொழில்களின் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் அளிக்கிறது. எனினும், அந்த உத்தரவாதம் வங்கிக்குரிய பாதுகாப்பே ஆகும். கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு கடன் பெற்றவரையே சாரும்.

கடன் கிடைத்தவுடன் வங்கியுடனான உறவு முடிந்துவிடுவதில்லை. விற்பனை சரிந்தால் தவணை தவறும் முன்னரே அதிகாரியிடம் நிலைமையைக் கூறுதல் நன்று. அப்போது தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிப்பது குறித்துப் பேச வாய்ப்புண்டு. மறைத்து வைத்தால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.