நானோ துகளிடமிருந்து கிட்னியைக் காக்குமா மஞ்சளும் வெங்காயமும்? எலி ஆய்வுகள் சொல்வது என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்து தெற்கே கடற்கரைக்குப் போனால் மணவாளக்குறிச்சி. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இங்குள்ள கருமணலில் இருந்து இல்மனைட், ரூட்டைல் போன்ற தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது. இந்தத் தாதுக்கள்தான் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடிக்கு மூலப்பொருள். பெயின்ட், சன்ஸ்கிரீன், டூத்பேஸ்ட், மாத்திரையின் மேல்பூச்சு, சூயிங்கம் என நாம் தினமும் தொடும் பல பொருட்களில் இது சேர்க்கப்படுகிறது.

இந்தப் பொடியை நானோ துகளாக எலிகளுக்குக் கொடுத்தால் கிட்னி பாதிக்கப்படுவதாகவும், மஞ்சள், வெங்காயத்தில் உள்ள சில சத்துகள் அந்தப் பாதிப்பைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் வந்துள்ளன. அப்படியென்றால் நாமும் மஞ்சள் கேப்சூல் வாங்கிச் சாப்பிடலாமா?

நானோ துகள் என்றால் என்ன?

1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்தான் நானோ துகள். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் காலில் ஒட்டும் கருமணல் நானோ துகள் அல்ல. தாதுவை ஆலையில் பக்குவப்படுத்திய பிறகு கிடைக்கும் பொடியில்தான் இந்த அளவுள்ள துகள்கள் இருக்கும்.

கிட்னிக்கு என்ன ஆகும்?

நம் ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. ரத்தத்தில் கலந்த துகள்களில் மிகச் சிறியவை சிறுநீரோடு வெளியேறிவிடும். பெரியவை கல்லீரல், மண்ணீரலில் தங்கும். ஒரு பகுதி கிட்னி செல்களுக்குள்ளும் போகும்.

அங்கே போனதும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உருவாகின்றன. இரும்பைத் துரு அரிப்பது போல இவை செல்லின் சவ்வையும் டி.என்.ஏ.வையும் அரிக்கின்றன. வடிகட்டும் வேலை மந்தமாகி ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் ஏறுகிறது.

தாவரச் சத்து எப்படித் தடுக்கிறது?

மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயம், முருங்கைக்கீரையில் உள்ள குவெர்செடின் ஆகியவை ஆன்டிஆக்ஸிடன்ட்கள். இவை ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குவதோடு, குளுட்டாதயோன் போன்ற உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையையும் தட்டி எழுப்புகின்றன. எலி ஆய்வுகளில் இவற்றைக் கொடுத்தபோது கிரியேட்டினின் குறைந்தது, திசுச் சேதமும் குறைந்தது.

எலிக்குப் பலித்தது நமக்குப் பலிக்குமா?

இங்கேதான் கவனம் தேவை. எலிகளுக்குக் கொடுக்கப்படும் நானோ துகளின் அளவு, நாம் உணவில் சாப்பிடுவதைவிடப் பல மடங்கு அதிகம். நம் குடல் டைட்டானியம் டை ஆக்சைடை மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சுகிறது. குர்குமினும் அப்படித்தான், சாப்பிட்டதில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. இன்னொன்று, பல ஆய்வுகளில் துகளோடு சேர்த்தோ அதற்கு முன்போதான் சத்தைக் கொடுக்கிறார்கள். இது முன்கூட்டியே தடுக்கும் சோதனை. ஏற்கெனவே கெட்டுப்போன கிட்னியைச் சரிசெய்யும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

கேரளாவில் நடந்தது என்ன?

மலையாளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி இதன் சாற்றைக் குடித்த 10 பேருக்குத் திடீர் கிட்னி பாதிப்பு ஏற்பட்டதைக் கேரள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. காரணம், அந்தக் காயில் அதிகமாக உள்ள ஆக்ஸலேட். குழம்பில் ரெண்டு காய் போடுவது வேறு, சாறு பிழிந்து டம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. மஞ்சளிலும் ஆக்ஸலேட் உண்டு. சமையலுக்குப் போடும் மஞ்சளால் பிரச்சனை இல்லை. ஆனால், மாதக்கணக்கில் சப்ளிமென்டாக எடுத்து கிட்னி பாதித்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தடை இருக்கிறதா?

உணவில் சேர்க்க இது பாதுகாப்பானது என்று இனி கருத முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் சொன்னது. டி.என்.ஏ. பாதிப்புக்கான வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்பதே காரணம். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை விதித்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, 2023-ல் கவலைப்படத் தேவையில்லை என்றது. அமெரிக்காவில் உணவின் எடையில் 1% வரை அனுமதி உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

கிட்னியைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும்தான். டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி போடும் வலி மாத்திரையும் ஆபத்து. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் பார்த்துவிட வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023 ஜூலையில் தொடங்கியது.

மஞ்சள், வெங்காயம், முருங்கைக்கீரை எல்லாம் சாப்பாட்டில் வழக்கம்போல இருக்கட்டும். அதையே சாறாகவோ கேப்சூலாகவோ தினமும் எடுக்க நினைத்தால், குறிப்பாக கிட்னி பிரச்சனை இருப்பவர்கள், முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.