கறள் ஏறிய மரமீன்

பேசாலைக் கரையின் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. அறக்குளா மீனுக்காக அப்பா வள்ளத்தின் பின்னால் இழுத்த மரப் பொய்மீன்களின் முள்ளும் மரத்தில் பதித்த திருகு வளையமும் பெட்டியில் கிடந்தே கறள் பிடித்தன. பின்லாந்தில் பொய்மீன் செய்த லௌரி ரப்பாலா 1936இல் தன் முதல் பொய்மீனைச் செதுக்கியது தக்கையில். பல்சா மரம் பிறகுதான் வந்தது.

கறள் இரும்பைவிடக் கூடிய இடம் பிடிக்கும். அதனால்தான் மரம் வெடிக்கிறது. திருகு வளையத்தைப் பலவந்தமாகத் திருகக்கூடாது. சோல்டரிங் அயனால் சூடுகாட்டி மெல்ல அசைத்தால் கழலும். வளையத்தை மட்டும் வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டு, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுவேன். மரத்தை ஊறவிடவே கூடாது.

பழைய வண்ணத்தைச் சுரண்ட எனக்கு மனம் வராது. மீன் பல் பதிந்த தழும்புகள் அதில்தானே இருக்கின்றன! தூண்டில் முள்ளை மட்டும் மாற்றிவிடுங்கள். கறள் தின்ற முள் அறக்குளாவின் இழுவைக்கு நிற்காது. புதியது அதே எடையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொய்மீனின் நீச்சல் ஆட்டமே மாறிவிடும்.