41 எப்படி 39 ஆனது?

கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கைக்கு வந்தது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசு, எல்லாம் அதில் இருக்கும். மாதம் இத்தனை கருத்தடை ஆபரேஷன் கேஸ் என்று இலக்கு வேறு. 1996-ல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்ட பிறகுதான் நிம்மதி. அந்தப் பதிவேட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மக்களவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மக்கள்தொகைதான் தீர்மானிக்கிறது. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 இடங்கள், 1967-ல் 39. 1951-லிருந்து 1961-க்குள் நாட்டின் மக்கள்தொகை 21 சதவீதத்துக்கு மேல் கூடியது. இங்கே 12 சதவீதம்கூட இல்லை. அந்த இரண்டு இடம் போனதற்கு எங்கள் துறையைக் காரணம் சொல்ல முடியாது; கருத்தடை ஆபரேஷனுக்குப் பணம் கொடுப்பதே இங்கே 1956-ல்தான் தொடங்கியது. 1967 என்றாலே காங்கிரஸ் ஆட்சியை இழந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம். இரண்டு இடம் போனது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாதென்று 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. வாஜ்பாய் ஆட்சியில் வந்த 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இன்னும் 30 ஆண்டுக்கு அப்படியே இருக்கட்டும் என்று 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் கேட்டது. பா.ஜ.க. வரவில்லை.

வட மாநிலத்தார் கூடுதல் இடம் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. அங்கே ஓர் எம்.பி.க்குப் பின்னால் இங்கிருப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். ஆனால், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, பிகாரில் 3.0. இந்த 1.8-ஐக் கொண்டுவந்தவர்கள் யார்? என்னிடம் வந்த கேஸ்கள் அநேகமாக எல்லாம் பெண்கள்தான். “அவரு பாரம் தூக்கணும் சிஸ்டர், எனக்கே பண்ணிவிட்ருங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்.

அதே 2025 மார்ச்சில், இந்த இடக் கணக்கைச் சொல்லி, புதுமணத் தம்பதியர் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நாகப்பட்டினம் திருமண மேடையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பேசினார். கூட்டம் கைதட்டியிருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. இடக் கணக்குக்கு எந்தக் கட்சி டெல்லியில் சண்டை போட்டாலும் என் ஆதரவு உண்டு; அந்தக் கணக்கைச் சரிக்கட்ட எங்கள் ஊர்ப் பெண்களை மட்டும் மறுபடி கூப்பிடாதீர்கள்.